பூட்டிய அச்சும் பூட்டிய புத்தியும்

"மாமா, இனி ஸ்நோவுக்குப் பயமில்லை. இது லொக்கர் போட்ட வண்டி."

2023 ஜனவரியில், ஸ்காபரோவில் உள்ள என் தங்கை வீட்டு வாசலில் நின்றபடி அவளுடைய மகன் சொன்ன வாக்கியம் இது. அப்போதுதான் அவன் பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தான். 2006 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. முன்னைய உரிமையாளர் அதன் பின் அச்சில் தானியங்கி லொக்கர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். விற்றவர் அதையே வண்டியின் முதற் பெருமையாகச் சொல்லி, அதற்கென்று கூடுதலாக ஒரு தொகையையும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு கிழமைகளின் பின்னர், ஒரு காலையில், தாயை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றபோது, 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைபாதையில் அந்த வண்டியின் வால் விலகியது. அரைச் சுற்றுச் சுற்றி, வீதியோரத்துப் பனிக் குவியலில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றது. பின்னால் வந்த பாரவூர்தியின் சாரதி போதிய இடைவெளி விட்டு வந்தார். என் தங்கை இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்த இடைவெளிதான். லொக்கர் அன்று.

"அண்ணை, அவன் வேகமாப் போகேல்லை. மெதுவாத்தான் போனவன்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். மகனைக் காப்பாற்றச் சொன்ன பொய்யென்றே முதலில் நினைத்தேன். பின்னர் விசாரித்தபோது அது உண்மையென்று தெரிந்தது. அந்த உண்மைதான் இக்கட்டுரையை எழுதவைத்தது. மெதுவாகப் போன ஒரு வண்டி, பனியை வெல்வதற்கென்றே விற்கப்பட்ட ஓர் உறுப்பைத் தாங்கிய வண்டி, பனியில் ஏன் சுழன்றது?

நான் இயந்திரவியல் படித்தவனல்லன். கலைப்பட்டதாரி. ஆனால் விற்பவன் சொல்வதற்கும் பொருள் செய்வதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தேடிப் பார்ப்பது பத்திரிகைக்காரனின் தொழில். எனவே கராஜ்காரர்களிடம் கேட்டேன், கைநூல்களைப் புரட்டினேன். கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. வண்டி ஒரு மூலையில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிடக் கூடுதலான தூரம் ஓடவேண்டும். எவ்வளவு கூடுதல்? இரு சில்லுகளுக்கும் இடையே 1.7 மீற்றர் அகலமுள்ள ஒரு பிக்கப், சந்தியில் செங்கோணமாகத் திரும்பினால், வெளிச்சில்லு ஏறத்தாழ 2.7 மீற்றர் அதிகமாக ஓடுகிறது. பாடசாலைக் கணக்குத்தான். இரு சில்லுகளையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் இந்த 2.7 மீற்றரை யாராவது ஒருவர் வீதியில் உரசித்தான் தீர்க்கவேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்கவே டிபரென்சியல் என்ற பற்சில்லுத் தொகுதி வந்தது. பிரான்சியரான பெக்கர் 1827 இல் நீராவி வண்டிக்காக அதற்குக் காப்புரிமை பெற்றார். பெற்றோல் எஞ்சினில் ஓடும் கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்திய சங்கதி இது.

டிபரென்சியலுக்கு ஒரு குறை உண்டு. அது இரு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சில்லு பனிக்கட்டியில் நின்று வழுக்கினால், அந்தச் சில்லைச் சுழற்ற எவ்வளவு சொற்பமான விசை போதுமோ அவ்வளவே மறுசில்லுக்கும் போய்ச் சேரும். ஒரு சில்லு விசிறியாகச் சுழல, மற்றது காய்ந்த தரையில் சும்மா நிற்கும். சேற்றிலும் பனியிலும் அகப்பட்ட எவருக்கும் இந்தக் காட்சி பழக்கமானது. இக்குறைக்கு மருந்தாகவே லொக்கர் வந்தது. இரு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடு, பிடியுள்ள சில்லு வண்டியை இழுத்துக்கொண்டு போகும் என்பது அதன் தத்துவம். தத்துவத்தில் பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது.

தானியங்கி லொக்கர் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சாமான்கள் விற்கப்படுகின்றன. வாங்குபவர்களில் பெரும்பாலானோருக்கு இது சொல்லப்படுவதில்லை.

முதல் வகை எப்போதும் பூட்டியபடியே இருப்பது. டிற்றோயிட் லொக்கர் இதில் பெயர்பெற்றது. ஏற்கெனவே உள்ள டிபரென்சியல் கூட்டுக்குள் பற்சில்லுகளை எடுத்துவிட்டுச் செருகக்கூடிய மலிவான லொக்கர்களும் இவ்வகையே. இதில் நேர்பாதையில் இரு சில்லுகளும் ஒன்றாகவே சுழலும். திரும்பும்போது, வீதி வெளிச்சில்லை வேகமாகச் சுழலும்படி தள்ளும். அந்தத் தள்ளலில் பற்கள் விலகி வெளிச்சில்லு விடுபடும். வளைவு முடியும்வரை உட்சில்லு மட்டுமே வண்டியைத் தள்ளும். பின்னர் பற்கள் மீண்டும் கொளுவிக்கொள்ளும்.

இரண்டாம் வகை எப்போதும் திறந்தபடி இருந்து, ஒரு சில்லு வழுக்கும்போது பூட்டிக்கொள்வது. ஈற்றன் நிறுவனம் 1973 இல் அறிமுகப்படுத்தி, ஜெனரல் மோட்டர்சின் பிக்கப்களில் ஜி80 என்ற குறியீட்டுடன் பல பத்தாண்டுகள் வந்த லொக்கர் இவ்வகை. இரு சில்லுகளின் சுழற்சியிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வித்தியாசம் வந்தால், உள்ளேயிருக்கும் சிறு எடைகள் சுழற்சி வேகத்தில் விரிந்து ஒரு கொளுக்கியில் மாட்டும். உடனே கிளச் தட்டுகள் நெருக்கப்பட்டு அச்சு பூட்டப்படும். வண்டி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வேகத்தைக் கடந்தால் பூட்டிக்கொள்ளாதபடி தடுக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. அந்த ஏற்பாட்டை வைத்தவர்களுக்குப் பூட்டிய அச்சின் குணம் தெரிந்திருக்கிறது. விற்பவர்களுக்குத்தான் மறந்துபோய்விடுகிறது.

இரண்டாம் வகையோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. பனிக்கட்டி படிந்த சந்தியில் இடப்பக்கம் திரும்பப் புறப்படும் வண்டியில் அது திடீரெனப் பூட்டினால் வாலை உதைத்து விலக்கும், சாரதி அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான். என் வழக்கு முதல் வகையோடு. அதிலும், அதைப் பட்டணத்துச் சாரதியின் தலையில் கட்டுபவர்களோடு.

அன்றாட ஓட்டத்திலேயே அது என்ன செய்கிறது என்று பாருங்கள். சந்தியில் திரும்பும்போது அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். வளைவின் நடுவே அக்சிலேற்றரைத் தளர்த்தினாலோ மறுபடி மிதித்தாலோ, தள்ளும் சில்லு மாறி வண்டி ஒரு பக்கமாகத் துள்ளும். சக்கர இடைவெளி குறைந்த ஜீப்புகளில் இது இன்னும் மோசம். கியரைக் கையால் மாற்றும் வண்டிகளில் ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் உணரலாம். கடைத்தெரு வாகனத் தரிப்பிடத்தில் மெதுவாகத் திரும்பும்போது ரயர்கள் கீச்சிடும், தேயும். இடப் பின்சில்லிலும் வலப் பின்சில்லிலும் காற்று வித்தியாசமாக இருந்தால், நேர்பாதையிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழகிய சாரதிக்கு இவையெல்லாம் சகிக்கக்கூடிய தொல்லைகள். தொல்லையை மட்டும் தந்திருந்தால் நான் பேனா எடுத்திருக்கமாட்டேன்.

பனிக்கு வருவோம். ஒரு வண்டி வீதியில் மூன்று காரியங்களைச் செய்யவேண்டும். புறப்பட வேண்டும், திரும்ப வேண்டும், நிற்க வேண்டும். லொக்கர் உதவுவது முதலாவதற்கு மட்டுமே. இரண்டாவதை அது கெடுக்கிறது. மூன்றாவதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை.

திரும்புவதை எப்படிக் கெடுக்கிறது? ஒரு ரயருக்குத் தரையில் உள்ள பிடி ஒரே மடிச்சீலையில் முடிந்துவைத்த காசு மாதிரி. முன்னே தள்ளவும் அதிலிருந்துதான் செலவழிக்கவேண்டும், பக்கவாட்டில் வழுக்காமல் தாங்கவும் அதிலிருந்துதான் செலவழிக்கவேண்டும். சில்லு நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கினால் காசு முழுவதும் அதற்கே போய்விடும். பக்கவாட்டுப் பிடிக்கு ஒன்றும் மிஞ்சாது. சாதாரண டிபரென்சியல் உள்ள வண்டியில் ஒரு பின்சில்லு சுழன்றாலும் மற்றது சுழலாமல் உருண்டுகொண்டு வண்டியின் வாலைத் தாங்கும். பூட்டிய அச்சில் இரண்டும் ஒன்றாகச் சுழலும், இரண்டும் ஒன்றாகக் கைவிடும். வீதிகள் மழைநீர் வடிவதற்காக நடுவிலிருந்து ஓரத்துக்குச் சற்றே சரிவாக அமைக்கப்பட்டவை. தாங்குவாரற்ற வால் அந்தச் சரிவில் இறங்கும். அதற்கு வேகம் தேவையில்லை. நின்ற நிலையிலிருந்து புறப்படும்போதே இறங்கும். என் மருமகன் மெதுவாகத்தான் போனான் என்று தங்கை சொன்னது இதனால்தான் உண்மையாயிற்று. வளைபாதையில் நெடுஞ்சாலையின் வேகத்தை எட்டுவதற்காக அவன் அக்சிலேற்றரைச் சற்று மிதித்திருக்கிறான். அவ்வளவே.

இதில் இன்னொரு விபரீதம் உண்டு. எப்போதும் பூட்டியிருக்கும் லொக்கரைத் திருப்பத்தில் திறந்துவிடுவது வீதியே என்று மேலே சொன்னேன். வீதி வெளிச்சில்லைப் பிடித்துத் தள்ளினால்தான் பற்கள் விலகும். பனிக்கட்டி படிந்த வீதிக்கு அந்தப் பிடி இல்லை. ஆகவே காய்ந்த வீதியில் ஒழுங்காகத் திறக்கும் பூட்டு, வழுக்கும் வீதியில், எஞ்சின் தள்ளிக்கொண்டிருக்கும்போது திறக்க மறுக்கிறது. பூட்டு எங்கே கட்டாயம் திறக்கவேண்டுமோ அங்கே திறப்பதில்லை. 'பனியை வெல்லும்' என்று விளம்பரப்படுத்தப்படும் சாமானின் குணம் இது.

இனி நிற்பது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி, பிறேக் பிடித்த கணத்திலிருந்து, உராய்வுக் குணகம் 0.7 உள்ள காய்ந்த தார்வீதியில் ஏறத்தாழ 20 மீற்றரில் நிற்கும். இறுகிய பனியில் அக்குணகத்தை 0.2 என்று கொண்டால் 71 மீற்றர் வேண்டும். பனிக்கட்டியில் 0.1 என்று கொண்டால் 142 மீற்றர். சாரதி அபாயத்தைக் கண்டு காலைத் தூக்கி வைக்கும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கில் லொக்கருக்கு இடமில்லை. நான்கு சில்லு இழுவைக்கும் இடமில்லை. எல்லாக் கார்களுக்கும் நான்கு சில்லிலும் பிறேக் உண்டு. நாலாயிரம் டொலருக்கு வாங்கிய பழைய காரும் எண்பதாயிரம் டொலருக்கு வாங்கிய பிக்கப்பும் நிற்பது ரயரின் பிடியால்தான்.

இங்கேதான் லொக்கரின் மெய்யான கேடு இருக்கிறது என்பது என் வாதம். இயந்திரத்தைவிட அது மனத்தையே அதிகம் கெடுக்கிறது. சாதாரண வண்டி பனியில் புறப்படச் சிரமப்படும்போது, அது சாரதிக்கு ஒரு செய்தி சொல்கிறது: "இன்று வீதி வழுக்குகிறது, கவனம்." லொக்கர் அந்தச் செய்தியை வழியிலேயே மறித்துவிடுகிறது. வண்டி தங்கு தடையின்றிப் புறப்படுகிறது. அயலவனின் கார் வாசலில் திணறிக்கொண்டிருக்க நம்முடையது போய்விடுகிறது. சாரதி இதை வீதி நன்றாயிருக்கிறது என்று வாசிக்கிறான். தன் திறமை என்றும் வாசிக்கிறான். ஆனால் அடுத்த சிவப்பு விளக்கில் அவனுக்கும் அயலவனுக்கும் உள்ள பிடி ஒன்றுதான். செய்தியைத் தணிக்கை செய்தால் என்ன நடக்கும் என்று இலங்கைப் பத்திரிகைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அபாயம் அப்படியே இருக்கும். தெரியவேண்டியவனுக்குத் தெரியாமல் இருக்கும்.

மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். வழமையான மூன்றுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"இருபது வருடமாக லொக்கர் போட்டு ஓட்டுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை" என்பார் ஒருவர். நம்புகிறேன். அவர் அதன் குணமறிந்து, வளைவில் காலை இறகுபோல வைத்து ஓட்டுபவர். இருபது வருடத்தில் அவர் கற்றதை விற்பனையாளன் பெட்டிக்குள் வைத்துத் தருவதில்லை. அனுபவசாலிக்குப் பாதுகாப்பானது புதியவனுக்கும் பாதுகாப்பானது என்று சொல்வது நீந்தத் தெரிந்தவன் மற்றவனைக் கிணற்றில் இறங்கச் சொல்வதற்கு ஒப்பானது.

"ஆழமான பனியில் லொக்கரில்லாமல் எப்படி?" என்பார் இன்னொருவர். நியாயமான கேள்வி. பனி அகற்றப்படாத காட்டுப்பாதை, மரம் ஏற்றும் பாதை, படகை இறக்கும் சரிவு, பண்ணைச் சேறு, இங்கெல்லாம் லொக்கருக்கு இணை இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவின் நஸ்கார் பந்தயக் கார்களில்கூட டிற்றோயிட் லொக்கர் நெடுங்காலம் பயன்பட்டது. வட ஒன்ராறியோவில் வேட்டைக்குப் போகிறவர் தாராளமாகப் போடட்டும். ஆனால் ஸ்காபரோவிலிருந்து மார்க்கத்துக்கு வேலைக்குப் போகிறவர், அதிகாலை நான்கு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போகும் தாய், இரவில் உணவு விநியோகிக்கும் மாணவன், இவர்கள் ஓடும் வீதி உப்புத் தூவப்பட்டு, பாதி ஈரமாகவும் பாதி கட்டியாகவும், மெல்லிய பனிக்கட்டி தார்நிறத்திலேயே ஒளிந்திருக்கும் வீதி. அங்கே ஆபத்து புதைந்துபோவதில் இல்லை. வழுக்கிப்போவதில்தான். புதைந்தால் வேலைக்குப் பிந்தும். வழுக்கினால் எங்கே போய் நிற்போம் என்று சொல்லமுடியாது.

"அப்படியானால் பூட்டே வேண்டாமா?" என்பார் மூன்றாமவர். வேண்டும். சாவி சாரதியின் கையில் இருக்கவேண்டும். அவுஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் காற்றழுத்தத்தால் இயங்கும் லொக்கரைச் செய்கிறது. ரொயோட்டாவின் சில வண்டிகளில் மின்சாரத்தால் பூட்டும் லொக்கர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பூட்டும், மறுபடி அழுத்தினால் திறக்கும். தேவைப்பட்ட பத்து மீற்றருக்குப் பூட்டிவிட்டு மிகுதிப் பயணத்துக்குத் திறந்துவிடலாம்.

இந்த ஞானத்துக்கு நாம் கனடாவுக்கு வரத் தேவையில்லை. வன்னியில் மசி பேர்குசன் உழவு இயந்திரத்தில் சேற்று வயல் உழுத எவரையும் கேளுங்கள். வலது காலருகே ஒரு மிதி இருக்கும். ஒரு பெரிய சில்லு சேற்றில் வழுக்கும்போது அதை மிதித்தால் இரு சில்லுகளும் பூட்டிக்கொள்ளும், இயந்திரம் ஏறி வெளியே வரும். வந்தவுடன் காலை எடுத்துவிடவேண்டும். மிதித்தபடி வரம்போரம் திருப்பக்கூடாது என்பது உழவு பழக வருகிறவனுக்குச் சொல்லப்படும் முதற் பாடங்களில் ஒன்று. பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர்கள் அறிந்திருந்த விடயம் இது: பூட்டு என்பது சேற்றுக்கு உரியது, திருப்பத்துக்கு உரியதல்ல. அவர்களுடைய பிள்ளைகளுக்கு இன்று டொலர் வாங்கிக்கொண்டு அதை மறக்கடிக்கிறார்கள்.

அரசாங்கங்கள் எதைக் கட்டாயமாக்கின என்று பாருங்கள். கனடாவும் அமெரிக்காவும் 2011 செப்ரெம்பர் முதல் தயாரிக்கப்படும் புதிய இலகு வாகனங்களுக்கு மின்னணு நிலைபேற்றுக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கின. வண்டி சாரதி திருப்பிய திசையை விட்டு விலகத் தொடங்கினால், கணினி ஒரே ஒரு சில்லுக்கு மட்டும் பிறேக் கொடுத்து அதை நேர்ப்படுத்தும் ஏற்பாடு அது. அதற்கு ஒவ்வொரு சில்லும் தனித்தனியே பேச்சுக் கேட்கவேண்டும். இறுகப் பூட்டிய அச்சில் ஒரு சில்லைப் பிடித்தால் மற்றதும் சேர்ந்தே இழுபடும். நிலைபேற்றுக் கட்டுப்பாடுள்ள புதிய வண்டியில் எப்போதும் பூட்டியிருக்கும் லொக்கரைப் போடுகிறவர், வண்டியோடு ஏற்கெனவே வந்த காவலாளியின் கையைக் கட்டிவிட்டு, அதற்குக் கூலியும் கொடுக்கிறார்.

கியூபெக் மாகாணம் 2008 இல் குளிர்கால ரயரைச் சட்டமாக்கியது. முதலில் டிசெம்பர் 15 இலிருந்து, 2019 முதல் டிசெம்பர் 1 இலிருந்து, மார்ச் 15 வரை அவை பூட்டப்பட்டிருக்கவேண்டும். பிரித்தானிய கொலம்பியாவில் ஒக்ரோபர் 1 முதல் குறிப்பிட்ட மலைவீதிகளில் குளிர்கால ரயரில்லாமல் போகக்கூடாது. ஒன்ராறியோ சட்டமாக்கவில்லை. 2016 முதல் குளிர்கால ரயர் போடுபவருக்குக் காப்புறுதியில் கழிவு கொடுக்கவேண்டும் என்று மட்டும் விதித்தது. லொக்கரைக் கட்டாயமாக்கிய அரசு எதையும் நான் காணவில்லை. லொக்கருக்குக் கழிவு தரும் காப்புறுதிக்காரனையும் காணவில்லை. விபத்துக்குப் பணம் கட்டவேண்டியவனுக்கு எது விபத்தைக் குறைக்கும் என்று தெரியும்.

குளிர்கால ரயரில் மந்திரமில்லை. சாதாரண ரயரின் இறப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால ரயரின் இறப்பர் குளிரிலும் மென்மையாக நின்று வீதியைப் பற்றும். பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனிப்பூவும் பொறித்திருக்கும். அந்த ஒரே இறப்பர் புறப்படவும் உதவுகிறது, திரும்பவும் உதவுகிறது, நிற்கவும் உதவுகிறது. ஒரு லொக்கரை வாங்கிப் பூட்டும் பணத்துக்கு, ஏறத்தாழ, நான்கு நல்ல ரயர்களும் வாங்கிவிடலாம். என் மருமகனின் வண்டியில் லொக்கர் இருந்தது. ரயர்கள் தேய்ந்த சகல பருவ ரயர்கள். இந்த ஒரு வரியில் முழு அவலமும் அடங்கியிருக்கிறது.

இப்போது மிகவும் சங்கடமான பகுதிக்கு வருகிறேன். அவனுடைய தலைக்குள் அந்த வாக்கியம் எப்படிப் போனது? விற்றவர் சொன்னார். விற்றவருக்கு யார் சொன்னது? ஒரு கடையின் விளம்பரம் சொன்னது. நல்ல தமிழில், ஒரு மலைச்சாரலில் பனியைக் கிழித்துக்கொண்டு வரும் பிக்கப்பின் படத்தோடு, 'பனியை வெல்லும் லொக்கர்' என்றது. அதற்கடுத்த பக்கத்திலேயே அதே பொருளைப் பற்றி ஒரு 'கட்டுரை'. எழுதியவர் பெயரில்லை. விளம்பரத்தின் சொற்களே வாக்கியங்களாக நீண்டிருந்தன.

அந்தக் கட்டுரையை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. ஏனென்றால் அத்தகைய கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் பணியாற்றிய பத்திரிகையில் வாகனச் சிறப்பிதழ் ஒன்று வந்தது. நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கி, 'நமது நிருபர்' என்று தலையில் போட்டுப் பக்கத்தை நிரப்பினோம். அந்த வண்டிகளில் ஒன்றையாவது நான் ஓட்டிப் பார்த்ததில்லை. எழுதியது சரியா என்று ஒரு கராஜ்காரனிடமும் கேட்டதில்லை. அரசியல்வாதி ஒருவரின் அறிக்கை வந்தால் நான்கு பேரிடம் சரிபார்க்கும் நாங்கள், உயிரைச் சுமக்கும் இயந்திரத்தைப் பற்றிய அறிக்கையைச் சரிபார்க்காமல் அச்சேற்றினோம். அது செய்தியல்ல, வெறும் சிறப்பிதழ்தானே என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம். வாசகருக்கு அந்த வேறுபாடு தெரியாது. அவர் நம் பத்திரிகையை நம்பினார். அவ்வளவுதான்.

புலம்பெயர்ந்த மண்ணில் இந்தக் குற்றம் இன்னும் பாரமானது. பனியைக் காணாமல் வளர்ந்து, நாற்பது வயதில் பனியில் வாகனம் ஓட்டப் பழகிய மனிதருக்குத் தாய்மொழியில் அச்சான எழுத்து எவ்வளவு பெரிய ஆதாரம் என்று யோசித்துப் பாருங்கள். அவர் நம் எழுத்தை நம்பி வளைபாதையில் ஏறுகிறார். பக்கத்து ஆசனத்தில் தாயோ பிள்ளையோ இருக்கிறது.

எனவே மூன்று கோரிக்கைகள்.

விற்பவர்களுக்கு: இது எப்போதும் பூட்டியிருக்கும் வகையா, வழுக்கும்போது பூட்டும் வகையா, பொத்தானால் பூட்டும் வகையா என்று வாங்குபவரிடம் சொல்லுங்கள். முதல் வகையென்றால் பனிவீதியில் வால் விலகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் வியாபாரம் கெடுமென்றால், கெடட்டும்.

பத்திரிகைகளுக்கும் வானொலிகளுக்கும்: விளம்பரத்தை விளம்பரமென்று போடுங்கள். கட்டுரையென்று போட்டால், எழுதியவர் தன் பெயரை இடட்டும்.

வாங்குபவர்களுக்கு: "இது என்னைப் புறப்படச் செய்யுமா?" என்று கேட்காதீர்கள். "இது என்னைத் திருப்புமா, நிறுத்துமா?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால், அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு ரயர் கடைக்குப் போங்கள்.

என் மருமகன் அந்த வண்டியை விற்கவில்லை. விற்றால் இன்னொரு தாயின் பிள்ளைதான் அதை வாங்குவான் என்றான். அந்தப் பதிலுக்காக அவனை மெச்சுகிறேன். லொக்கரைக் கழற்றிவிட்டுப் பழைய பற்சில்லுகளைப் போட்டான், நான்கு குளிர்கால ரயர்களும் வாங்கினான். அடுத்த பனிக்காலத்தில் தொலைபேசியில் பேசியபோது தங்கையிடம் வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"சில நாளில வாசலிலயே இழுபடுது அண்ணை" என்றாள். "இழுபட்டா அவன் இறங்கி வந்து, இண்டைக்குப் பஸ்ஸில போவம் அம்மா எண்டுறான்."